ஐப்பசியில் போகவேண்டிய தீவு

லட்சத்தீவுக்குப் போக நல்ல மாதம் எது என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மார்கழி தொடங்கிப் பங்குனி வரைக்கும். கடல் அடங்கியிருக்கும், மழை இருக்காது, விமானம் நேரத்துக்கு வரும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், கையில் ஒரு போன் இருந்தால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் இந்த ஒரு கேள்விக்காக மூன்று வருஷம் வழக்கு நடந்தது. வாதி என் வீட்டுக்காரர், பிரதிவாதி நான். தீர்ப்பு சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் மகள். அவள் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற ரகம்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. கேரளம் என்றாலே மழை என்று நினைக்கிறவர்களை ஆனி மாதத்தில் இங்கே கூட்டிவந்து நிறுத்தவேண்டும். டிவியில் மாவட்டத்துக்கே ரெட் அலர்ட் என்பார்கள். கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவார். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அந்த மழை லீவுகளில்தான் வருஷா வருஷம் வடகம் காயப்போட்டேன். மேகம் எங்கள் தலைக்கு மேலே போகும், நிற்காது. எங்களுக்கென்று பெய்வது ஐப்பசி மழை ஒன்றுதான். அதுவும் அதற்கு மனசு வந்தால்.

என் வீட்டுக்காரர் தென்னை வைத்திருந்தவர். தோட்டத்துக் கிணறு வற்றி, அதன் சுவரில் வேப்பஞ்செடி முளைத்து, அது மரமாகவும் ஆகிவிட்டது. பிறகு போர் போட்டார். ஒன்று வற்றினால் இன்னொன்று. கடைசியாகப் போட்டதில் தண்ணீருக்குப் பதிலாக வெள்ளைப் புழுதிதான் பறந்தது. சுற்றியிருந்த தென்னை ஓலையெல்லாம் வெளுத்துப்போய் நின்றன. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, தலையிலிருந்த புழுதியைக்கூடத் தட்டாமல் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோற்றைப் போட்டேன்.

அந்த வருஷம்தான் மகளுக்கு லட்சத்தீவில் நர்ஸ் வேலை கிடைத்தது, விமானம் இறங்குகிற தீவில். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். கடல் எப்படி, சாப்பாடு எப்படி என்று நான் கேட்டு முடித்ததும் போனை அவரிடம் கொடுத்தேன்.

"குடிக்கற தண்ணிக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டார். விவசாயி வேறென்ன கேட்பார்.

"குவார்ட்டர்ஸ் வாசல்லயே கெணறு இருக்குதுங்ப்பா. குனிஞ்சு கையை உட்டா எட்டும்போல இருக்குது. நல்ல தண்ணிங்ப்பா."

"கடல் எவ்வளவு தூரம்?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார். மகள் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தார். அதற்கப்புறம் அந்தக் கிணறு எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. மகளின் உடம்பை விசாரிப்பதற்கு முன்னால் கிணற்றை விசாரிப்பார். "பெத்த புள்ளைய விட்டுட்டுக் கெணத்தக் கேக்கறீங்களே" என்று நான் குத்துவேன். அவர் காதில் ஏறாது. கேட்டுக் கேட்டு அதன் சூட்சுமத்தையும் தெரிந்துகொண்டார். எனக்கே பாடம் எடுத்தார்.

"பேஞ்ச மழை மணல்ல எறங்கி உப்புத் தண்ணிக்கு மேல மெதக்குது, புள்ள. பாலுக்கு மேல ஏடு கட்டுதில்ல, அப்படி. மெதுவாச் சேந்துனா நல்ல தண்ணி. பேராசப்பட்டு மோட்டாரப் போட்டு உறிஞ்சுனா அடியில இருக்கற உப்பு மேல வந்துரும்."

சொல்லிவிட்டு வெளியே தோப்பைப் பார்த்தார். "நாம உறிஞ்சாத உறிஞ்சலா" என்றார்.

வழக்கு அங்கே தொடங்கியது. வாங்க வாங்க என்று மகள் கூப்பிட்டாள். வைகாசிக்கு மேல் ஆவணி வரைக்கும் வேண்டாம், காற்றும் மழையுமாக இருக்கும், தையில் வாருங்கள், கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கடலப் பாக்கறதுக்கா போறம்? அங்க மழை முடிஞ்ச கையோட போகோணும். ஐப்பசியில போனாத்தான் கெணறு ரொம்பியிருக்கும், தண்ணி இனிப்பா இருக்கும்" என்றார்.

சரி, ஐப்பசியிலேயே போகலாம் என்றால் போனாரா? அதுவும் இல்லை. ஐப்பசிதானே எங்களுக்கு மழை. முதல் வருஷம் கிழக்கே மேகம் கட்டியதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்புக்குப் போய்விட்டார். "ஒரு வருசத்துக்கு ஒருக்காத்தான் வருது. அது வர்ற நேரத்துல ஊட்டப் பூட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" ஏதோ சொந்தக்காரர் வருகிறதைப் போலப் பேசினார். இரண்டாம் வருஷமும் அதே கதை. அந்த வருஷம் மழையும் வரவில்லை. வரும் வரும் என்று வாசலில் நின்றதுதான் மிச்சம்.

மூன்றாம் வருஷம் கோடையில் அவருக்குக் கால் வீங்கியது. வெயிலில் நிற்பதால் என்று நினைத்தோம். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். திங்களும் வியாழனும் டயாலிசிஸ். அதோடு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார்கள். குழம்பு, காப்பி எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். அங்கிருந்த டாக்டர் அவரிடம், "வெள்ளம் குறைக்கணும், கேட்டோ" என்றார்.

"எங்கூர்ல எப்பங்க டாக்டர் வெள்ளம் வந்துச்சு, குறைக்கறதுக்கு?" என்றார் இவர்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் தேடிய மனுஷனுக்கு, வாய்க்குத் தண்ணீர் கூடாது என்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதற்குப் பிறகு நான் அவர் கண்முன்னால் தண்ணீர் குடித்ததில்லை. ரசம் வைப்பதை நிறுத்தினேன். மோர்ப்பானையை உள்ளறைக்கு மாற்றினேன். தாகமெடுத்தால் டம்ளரோடு வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கிட்டே போய் நின்று குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். திருடி மாதிரிதான். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கட்டிலில் படுத்தபடியே என் முகத்தைப் பார்ப்பார்.

"ஏம்புள்ள, உதட்டுல தண்ணி."

"வேர்வைங்க."

"வேர்வை உதட்டுல மட்டுந்தான் வருமாக்கும்."

தினமும் இது நடக்கும். எங்களுக்குள் வேறு விளையாட்டெல்லாம் ஓய்ந்துபோய் இது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அந்த ஐப்பசியில் அவரே ஆரம்பித்தார். வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தார். "மழை வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். செவ்வாக்கெழமை போயிட்டு புதங்கெழமை வந்தர்லாம். கெணறு ரொம்பிக் கெடக்குதுன்னு புள்ள சொல்லுது" என்றார். அன்றைய பாட்டிலைக் குடிக்காமல் மிச்சம் பிடித்துக்கொண்டு போய், அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடிக்கவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

டாக்டர் போகலாம் என்றார். ஆனால் திரும்புகிற விமானம் நின்றுபோய் ஒரு டயாலிசிஸ் தவறினால் அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். அந்த வாரம் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் முடியாது என்றேன்.

"தையில போலாமுங்க."

"தைக்கு மேல தண்ணி கீழ போயிரும். போயி என்னத்தப் பாக்கறது?"

"கெணறு ரொம்பியிருந்தாப் போதுங்களா? நீங்க இருக்கவேண்டாமுங்களா?"

இந்த வார்த்தையை நான் கத்தித்தான் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் புயல் எங்கேயோ திரும்பிப் போனது. விமானமெல்லாம் ஒழுங்காகப் பறந்தன என்று மகள் பிற்பாடு சொன்னாள். இருக்கட்டும். இன்றைக்கு யாராவது கேட்டாலும் நான் முடியாது என்றுதான் சொல்வேன். அவரை வைத்துச் சூதாட எனக்கு மனசு வராது.

தையிலும் போக முடியவில்லை. ஊசி ஏற்றுகிற கையில் சீழ் பிடித்தது. அது ஆறுவதற்குள் மாசி. பிறகு தீவுக்குப் போகிற பர்மிட் வருவதற்குத் தாமதம். கடைசியில் பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சியில் சின்ன விமானத்தில் ஏறினோம்.

ஊர் உலகமெல்லாம் சொல்கிற அந்த நல்ல சீசன் அதுதான். ஜன்னலில் பார்த்தால் கடல் பச்சையும் நீலமுமாக, இப்படியும் இருக்குமா என்று தோன்றியது. அவரைத் தட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "எல்லாம் உப்பு" என்றார். காலையிலிருந்து ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ நின்றதும் பையைக்கூட எடுக்காமல் நேராகக் கிணற்றுக்குப் போனார். இடுப்பளவுச் சுவர், சுற்றிலும் வெள்ளை மணல். தண்ணீர் கை எட்டுகிற தூரத்தில் இல்லை. ஆனாலும் இருந்தது, எங்கள் ஊர்க்காரர் கண்ணுக்கு அது பக்கம்தான். அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா, இப்ப இந்தத் தண்ணி..." என்று மகள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தானே மெதுவாக, கலங்காமல், ஒரு வாளி சேந்தினார். டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்து, ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

என்னைப் பார்த்து, "எளநி மாதிரி இருக்குது, புள்ள" என்றார்.

எனக்கு அப்போது உண்டான நிம்மதியை எப்படிச் சொல்ல? ஐப்பசியில் தடுத்ததனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மகள் வேறெங்கோ பார்த்தாள். நானும் கொஞ்சம் குடித்துப் பார்த்திருப்பேன். ஆனால் அவர் எதிரில் குடிப்பதில்லையே.

சாயங்காலம் மகள் டியூட்டிக்குப் போனாள். அவர் கட்டிலில் படுத்திருந்தார். தாகம் தாங்காமல் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தார், வழக்கத்தைவிட அதிகமாக. எனக்கும் தாகம். சத்தமில்லாமல் வெளியே வந்து, கிணற்றில் ஒரு டம்ளர் சேந்தி, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குடித்தேன்.

உப்பு. கரிக்கிற உப்பு. கோடையில் மேலே இருந்த ஏடு தேய்ந்துபோய் அடித்தண்ணீர் ஏறிவிட்டது. அவர் அத்தனை நாளும் சொன்னதுதானே. துப்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் துப்பவில்லையே என்று விழுங்கினேன். சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்சநேரம் அழுதேன். அவருக்கு அன்றைக்கு இருந்ததே ஒரு வாய்த் தண்ணீர். அதையும் உப்பாகக் குடித்துவிட்டு, ஐப்பசியில் நான் தடுத்ததற்காக என் மனசு நோகக்கூடாதென்று இளநீர் என்றிருக்கிறார்.

வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உதட்டுல தண்ணி."

இந்த முறை நான் வேர்வை என்று சொல்லவில்லை. "ஆமாங்க, குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"எளநி மாதிரித்தானுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதற்குமேல் அந்தத் தண்ணீரைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம், கடலுக்கு நடுவில் சர்க்கரை மாதிரித் தண்ணீர் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன்.

ஆவணியில், டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் ஐப்பசி மழை கொட்டியது. வற்றிய கிணற்றில்கூடக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அவர் இல்லாத வருஷமாகப் பார்த்து வந்த அந்த மழையின்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போனேன். விமானம் நேரத்துக்கு வந்தது, எந்தத் தடங்கலும் இல்லை.

கிணறு நிறைந்திருந்தது. குனிந்தால் கை எட்டியது. மகள் ஒரு வாளி சேந்தி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு, எதையும் யோசிக்காமல், வீட்டுக்குப் பின்னால் நடந்தேன்.

"எங்கம்மா போறீங்க?" என்று மகள் கேட்டது காதில் விழுந்தது.

பின்பக்கம் போய்ச் சுவரோரம் நின்று குடித்தேன். அவர் சொன்னது சரிதான். நிஜமாகவே இளநீர் மாதிரி இருந்தது. டம்ளர் காலியாகும்வரை குடித்தேன். முந்தானையைக் கையில் எடுத்தவள், வாயைத் துடைக்காமலே முன்பக்கம் வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.