கொழுந்தனாரின் காதலுக்கு நான் எழுதிய கடிதம்

ஒரு உண்மையைச் சொல்லிடுதேன். யாரும் சிரிக்கக் கூடாது.

நாப்பத்தெட்டு வயசுல நான் காதல் நாவல் படிக்கேன்!

பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்கின அந்தக் காலத்து நாவல். இட்லி மாவு கிரைண்டர் ஓடுத நேரத்துல, அரிசி மூட்டைக்குப் பின்னால உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டே படிப்பேன். (தாராவியில எங்கிட்ட மாவு வாங்குதவங்க பயப்படாதீங்க. கை கழுவிட்டுத்தான் மாவைத் தொடுவேன்.)

பள்ளிக்கூடத்துல படிச்சது அஞ்சாப்பு. ஆனா காதல்ல டாக்டர் பட்டம்!

இந்த ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆளு என் கொழுந்தன் சுடலைமுத்து. வயசு முப்பத்தி நாலு. குர்லாவுல ஏசி ரிப்பேர் வேலை. டேட்டிங் ஆப்புல மட்டும் பேரு 'சாம்'. (சுடலை எங்க குலசாமி பேரு. சாமி கையில போன் இல்லங்கிற தைரியம்.)

போன திங்கக்கிழமை மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான்.

"மைனி, நவி மும்பை நெருள்ல பவித்ரான்னு ஒரு பொண்ணு. திருநவேலிக்காரங்கதான். ஆறு மாசமாப் பழகுதோம்."

"அடேங்கப்பா கொழுந்தனாரே! அப்புறம் என்ன?"

"கல்யாணம்னு மட்டும் வாயில வர மாட்டேங்குது மைனி. ஞாயித்துக்கிழமை அவளைப் பொண்ணு பாக்க வேற ஆளுங்க வாராங்க. 'அதுக்குள்ள ஏதாவது சொல்லு சாம்'ங்கா."

பாருங்க, பொண்ணே வாயைத் திறந்து கேட்டுட்டா. நாலு வார்த்தையில முடியுத சோலி.

ஆனா நாலு வார்த்தையில முடிஞ்சா அது காதலா? நாவல்ல நூறு பக்கம் தாண்டித்தானே கையையே பிடிப்பாங்க!

"ரெண்டு நாள் ரிப்ளை போடாதல. நாயகி ஏங்கணும்"னேன்.

ரெண்டு நாள் கழிச்சு நாயகி கிட்ட இருந்து வந்த ஏக்கம் இதுதான்: "தண்ணியில விழுந்தது உன் போனா, இல்ல நீயேவா?"

சரி, இந்தக் காலத்துப் பொண்ணுக்கு ஏங்க எங்க நேரம்? எட்டே கால் லோக்கல் ட்ரெயினைப் பிடிக்கணும்லா.

அடுத்த மருந்தை எடுத்தேன். கடிதம்! கையால எழுதின காதல் கடிதம். எந்த நாயகியா இருந்தாலும் நெஞ்சோட அணைச்சுக்கிடுவா.

"எழுதுல!"

"மைனி, நான் ஹிந்தி மீடியம். தமிழ்ல என் பேரையே படம் வரைஞ்ச மாதிரிதான் எழுதுவேன்."

அப்புறம் என்ன, நானே எழுதினேன். ரெண்டு பக்கம்! 'உன் கார்மேகக் கூந்தலில் என் இதயம் வழி தவறியது...' (முடி தோளு வரைக்கும்தான்னு பொறவுதான் தெரியும். வழி தவற அங்க இடமே இல்ல.)

வெள்ளிக்கிழமை கிங்ஸ் சர்க்கிள்ல காபி குடிக்கும்போது கடிதத்தைக் கொடுத்துட்டு, நாயகன் மாதிரி ஒரு வார்த்தை பேசாம, திரும்பிப் பாக்காம வந்துட்டான். (அதுவும் என் யோசனைதான். காபி பில்லு அவ தலையில.)

ஒண்ணை மட்டும் நாங்க ரெண்டு பேருமே யோசிக்கல.

பவித்ரா பம்பாயில பொறந்து வளந்தவ. தமிழ் பேசுவா. படிக்கத் தெரியாது!

என்ன செய்வா பாவம்? நேரா அவ அப்பா கிட்ட நீட்டி, "பப்பா, இதுல என்ன இருக்கு? படிச்சுச் சொல்லுங்க"ன்னுட்டா.

அந்த மனுசன் கண்ணாடியை மாட்டி, ஹால்ல உக்காந்து, சத்தமா, ரெண்டு பக்கத்தையும்...

மறுநாள் அவர்கிட்ட இருந்து போன். "நாளைக்கு வரவேண்டியவங்களை நிறுத்தி வச்சிருக்கேன். வீட்டுப் பெரியவங்களோட வாங்க."

என் வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்காரு. பெரியவங்கன்னா நான்தான்!

ரெண்டு பேரும் நெருளுக்குப் போனோம். அவர் கையில கடிதம்.

"தம்பி, இந்தப் பம்பாயில இப்பிடித் தமிழ் எழுதுத பையனை நான் பாத்ததே இல்ல"ன்னு கண்ணைத் துடைக்காரு!

சுடலை என்னைப் பாக்கான். நான் ஃபேனைப் பாக்கேன்.

பவித்ரா மட்டும் சிரிக்கல. "பப்பாவுக்குப் புடிச்சிருக்கு. எனக்கு ஒரு வரிகூடப் புரியல. சாம், நீ சொல்லு. கல்யாணம் பண்ணுறியா, இல்ல அவங்களை வரச் சொல்லவா?"

ஏசி மெக்கானிக்குக்கு வேர்த்து ஊத்துது!

கடைசியில கண்ணை மூடிக்கிட்டு ஹிந்தியில கேட்டுட்டான். "மேரேஸே ஷாதி கரேகி க்யா?" என்னைக் கல்யாணம் பண்ணிக்கிடுதியான்னு!

"ஹான்! இதைக் கேக்க ஆறு மாசமாடா?"

அம்புட்டுதான். நாலே வார்த்தை. என் ரெண்டு பக்கத்துக்குக் கை வலிதான் மிச்சம்.

சம்பந்தி சந்தோஷத்துல பேனாவும் பேப்பரும் கொண்டாந்தாரு. "மாப்ளே, கல்யாணப் பத்திரிகை வாசகம் உங்க கையாலதான். நாலு வரி இப்பவே எழுதுங்க!"

"அய்யோ அண்ணாச்சி, ட்ரெயினுக்கு நேரமாச்சு!"ன்னு கொழுந்தன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடினேன்.

குர்லாவுல இறங்கும்போதுதான் குனிஞ்சு பாத்தேன்.

இடது கால்ல என் செருப்பு.

வலது கால்ல சம்பந்தி செருப்பு. பத்தாம் நம்பர்.