அக்காவுக்கு ஒரு பிஸ்டல்

எங்கள் வீட்டில் அந்த மாசி மாதம் இரண்டு கிழமையாக யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. காரணம் ஒரு பிஸ்டல். அதுவும் இன்னும் வாங்காத பிஸ்டல். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், அல்பெர்கேரியாப் பகுதியில், பலாரோ சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கீழே மீன்காரர்கள் கூவி விற்கும் சத்தம் மதியம்வரை வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகத்தான் ஒரு சத்தமும் இருக்கவில்லை.

கதை ஐந்து மாதம் முன்பே தொடங்கியிருந்தது. அக்காவின் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் ஒருநாள் வகுப்பு முழுவதையும் நகரத்துக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். காற்றுப் பிஸ்டலால், பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் கடதாசியின் கறுப்பு வட்டத்தைச் சுடவேண்டும். மற்றப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சுட்டார்களாம். அக்கா மட்டும் சிரிக்கவில்லையாம். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்மணி அக்காவின் கடதாசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரச் சொன்னார்.

சம்மதப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம், பிள்ளை விளையாட்டுக்குப் போகிறாள் என்று மட்டும் சொல்லப்பட்டது. பொலிதேயாமாப் பக்கம் இரண்டு சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய அம்மணிகளின், வீடுகளைத் துப்புரவாக்கிவிட்டுப் பின்னேரம் களைத்து வரும் அம்மா, மகள் கைப்பந்து விளையாடுகிறாள் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். சந்தையில் ஒரு சோடி முழங்கால் பட்டியும் வாங்கிக் கொடுத்தார். அக்கா அதைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் சுடப் போய்வந்தாள்.

சுடுதளத்துப் பிஸ்டல் ஒன்றை மூன்று பெண்பிள்ளைகள் மாறி மாறிப் பாவித்தார்கள். அதன் மரப்பிடி ஒரு பெரிய ஆம்பிளையின் கைக்குச் செதுக்கியது. அக்காவின் கைக்குள் அது நிற்காது. சில நாள் காற்றுக் கசிந்து, குண்டு வட்டத்துக்குக் கீழே போய்விழும். வசந்தகாலத்தில் கத்தானியாவில் போட்டி இருந்தது. சொந்தமாக ஒன்று இல்லாமல் அக்காவை அங்கே கொண்டுபோவதில் பயனில்லை என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். யாரும் பாவித்த பழையதே போதும் என்று சொல்லி, வாங்கும்போது பார்க்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அப்பாவிடம் கடைவாய்ப் பல்லுக்காக ஒதுக்கிய நானூறு யூரோ இருந்தது. புதுப் பிஸ்டல் அதைப்போல மூன்று மடங்கு. பல் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று அப்பா தீர்மானித்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவர் விசயத்தை அம்மாவிடம் அவிழ்த்தார். அம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"துவக்கு இந்த வீட்டுக்குள்ள வராது."

"இது துவக்கில்லையப்பா. வெறும் காத்து. கடதாசியைத்தான் துளைக்கும்" என்றார் அப்பா.

அம்மா அக்காவைப் பார்த்து, "அப்ப அந்த முழங்கால் பட்டி?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அடுத்த இரண்டு கிழமைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு.

அப்பா தன்பாட்டில் தேடிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அதனால் முதலில் விசாரித்தது கடதாசி விசயத்தைத்தான். இவ்வளவு குறைந்த சக்தியுள்ள காற்றுப் பிஸ்டலுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை, பதினெட்டு வயது தாண்டிய ஒருவர் வாங்கினால் போதும் என்று தெரிந்தது. வீட்டுக்குள் வராது என்று சொன்ன அம்மாவே, "பொலிசில, க்வெஸ்தூராவில பேர் பதியாதோ?" என்று இரண்டுதரம் கேட்டார். பதியாது என்று இரண்டுதரமும் அப்பா சொன்னார்.

பொலிதேயாமாவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் கறுப்பாக, படத்தில் வருவதுபோல ஒன்று இருந்தது. விலையும் மலிவு. என் வாக்கு அதற்குத்தான். தோட்டத்தில் தகரடப்பா சுட அது நல்லது, புள்ளி எண்ணுகிற இடத்துக்கு உதவாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். பிறகு அப்பாவின் போனில் ஒரு விளம்பரம் அகப்பட்டது. பிரான்காச்சோவில் ஒரு முதியவர் தன் போட்டிப் பிஸ்டலை விற்கிறார், முன்னூற்றைம்பது யூரோ. சனிக்கிழமை காலை வரச் சொன்னார். பின்னேரம் வேறொருவர் பார்க்க வருகிறாராம்.

அந்தச் சனிக்கிழமைதான் அப்பா வேலைசெய்யும் ரெஸ்டோரண்டில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலாளி கூப்பிட, அப்பா போய்விட்டார். பதினாறு வயது அக்காவுக்கு யாரும் விற்கமாட்டார்கள். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அம்மா கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குசினிக்குள் போய் அரைக்கிலோ பாஸ்தாப் பக்கெட் ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"வெளிக்கிடு" என்றார்.

பாஸ்தா எதற்கென்று எனக்கு பஸ்ஸில்தான் தெரியவந்தது. போட்டிப் பிஸ்டலின் விசையில் அரைக்கிலோவைத் தொங்கவிட்டாலும் அது விடுபடக்கூடாது என்பது விதி. பயிற்சியாளரின் தாளில் அது எழுதியிருந்தது. அந்தத் தாள் இரண்டு கிழமையாக எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அம்மா அதை ஒருநாளும் பார்க்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

முதியவர் ஒரு தச்சர். அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே நீளமான பட்டறை, நிலமெல்லாம் மரத்தூள். அவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நீலச் சிலிண்டரோடு வெள்ளிபோல் மின்னும் பிஸ்டல். அக்காவின் முகத்தைப் பார்த்தபோதே வியாபாரம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். குளிர்ப்பெட்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த தாள் அவள் கைக்குள் கவனிப்பாரில்லாமல் கசங்கிக்கொண்டிருந்தது. கதவருகில் நின்ற அம்மா கையை நீட்டி அதை வாங்கி வாசித்தார்.

"அந்தச் சிலிண்டரில என்ன திகதி கிடக்கெண்டு பார், பிள்ளை."

காற்றுச் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். அக்கா மனமில்லாமல் திருப்பிப் பார்த்தாள். பதினொரு வருடம் ஆகியிருந்தது. முதியவர் தோளைக் குலுக்கி, நான் போன மாதம்கூடச் சுட்டேன் என்றார். புதுச் சிலிண்டர் என்ன விலை என்று அம்மா கேட்டார். அவர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுத் தாளை மடித்து, வேண்டாம் என்று இத்தாலியனில் மரியாதையாகச் சொன்னார். அக்கா அம்மாவின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை.

முதியவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தெடுத்தார். அது அவருடைய முதல் பிஸ்டல். ஓரமெல்லாம் கறுப்பு உரிந்து வெளுத்திருந்தது. சிலிண்டர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உள்ள நெம்புகோலைத் திறந்து அழுத்தி மூடவேண்டும், கைப்பலத்தில் காற்று ஏறும். தன் மகளுக்காகப் பிடியைச் சின்னதாகச் செதுக்கினாராம், மகள் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டாளாம். இதில் பழுதாகிப்போக ஒன்றுமில்லை என்றார். முன்னூறு கேட்டார்.

அம்மா பாஸ்தாவை ஒரு துணிப்பைக்குள் போட்டு விசையில் தொங்கவிட்டார். விசை விடுபடவில்லை. முதியவர் முதல்முறையாகச் சிரித்து, அது ஸ்பகெத்தியா பென்னேயா என்று கேட்டார்.

பட்டறையின் கடைசிச் சுவரில் இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கடதாசி வட்டத்தை மாட்டினார். அக்கா ஐந்து சுட்டாள். ஐந்தும் ஐந்து திசையில் போயிருந்தன. ஒன்று கறுப்புக்கே வெளியில். பெண் பதறுகிறாள் என்றார் முதியவர். பிஸ்டல் சரியில்லை என்றாள் அக்கா. எது உண்மை என்று எப்படித் தெரிவது? முதியவர் தன் வலக்கையை நீட்டிக் காட்டினார். அது நடுங்கியது. அதனால்தான் விற்கிறேன் என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையை என்னிடம் தந்தார்.

பிஸ்டலை வாங்கியதும் நிலத்தை நோக்கிப் பிடித்தார். உள்ளே ஏதும் இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். ஆள்காட்டி விரல் விசையில் படாமல் பக்கவாட்டில் நீண்டிருந்தது. முதலில் இடக்கையையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு அக்கா ஒரு கையால் சுட்டது நினைவு வந்ததுபோல இடக்கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். தோள் இறங்கியது. சிஞ்ஞோராவின் கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைக்கும்போது இருக்கும் அதே முகம். அவசரமும் இல்லை, தாமதமும் இல்லை. ஐந்து தடவை திறந்து, மூடி, சுட்டார்.

முதியவர் போய்க் கடதாசியை எடுத்துவந்தார். நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றியால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் ஐந்து துளையும் இருந்தன.

"துவக்கில பிழையில்லை" என்று அம்மா அக்காவிடம் சொன்னார். "குறிதான் கொஞ்சம் இடப்பக்கம் நிக்குது. திருப்பினாச் சரி."

சிஞ்ஞோரா, நீங்கள் எங்கே சுட்டுப் பழகினீர்கள் என்று முதியவர் கேட்டார். எங்கேயும் பழகவில்லை என்றார் அம்மா. மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கை கழுவினார். முதியவர் சின்னத் திருப்புளியால் பின்குறியைத் திருப்பிவிட்டார். அக்கா மறுபடி சுட, மூன்று கறுப்புக்குள் விழுந்தன. பிஸ்டல் எங்களுடையதாயிற்று. அம்மாவின் கடதாசியை யாரும் கவனிக்காத நேரம் நான் எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பெட்டியை அம்மாதான் மடியில் வைத்திருந்தார். நான் கேட்டேன், "அம்மா, உங்களுக்கு ஆர் பழக்கினது?"

"பள்ளிக்கூடத்தில."

"எத்தினையாம் வகுப்பில?"

அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தார். "பதினொண்டில" என்றார்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் மேல் எனக்குப் பெரிய பொறாமை வந்தது. எங்களுக்கு இங்கே புல்லாங்குழல் மட்டும்தான் பழக்கினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரையும் தங்கள் தாயைப் பற்றி இரண்டு வசனம் சொல்லச் சொன்னார். மற்றவர்களின் அம்மாக்கள் நன்றாகச் சமைத்தார்கள். நான் எழுந்து கடதாசியை விரித்துக் காட்டினேன். என்னுடைய அம்மாவின் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில் துவக்குச் சுடப் பழக்கினார்கள் என்றும், ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தன என்றும் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஆசிரியை கடதாசியை நாலாக மடித்து என் கையில் வைத்து, அடுத்த பிள்ளையை எழும்பச் சொன்னார்.

அதன் பிறகு கோயிலில் இரண்டு பெண்கள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்து எழும்பித் தள்ளிப்போய் இருந்தார்கள். வேறொரு ஐயா, முன்பு ஒருநாளும் எங்களைக் கவனியாதவர், அம்மாவுக்கு முன்னால் வந்து கைகூப்பி ஏதோ மெல்லச் சொன்னார். தள்ளிப்போனவர்களைப் பார்த்தபோது வராத கலக்கம் அவரைப் பார்த்தபோது அம்மாவின் முகத்தில் வந்தது. ஒரு வருடத்துக்குமேல் அம்மா எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை. என்னை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கடதாசியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். க்வெஸ்தூராவிலிருந்து கடிதம் வரும் ஒவ்வொரு முறையும் அவர் அதை அப்பாவிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னதன் காரணமும் எனக்குத் தெரியாது.

மிச்சம் எல்லாம் நான் வளர்ந்த பிறகு துண்டுதுண்டாகக் கேட்டது. அம்மா பதினாறு வயதில், ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே, வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்த சிநேகிதியோடு, ஆயுதமேந்திய இயக்கத்துக்குப் போனவர். மூன்று வருடம் கழித்து அம்மா மட்டும் திரும்பி வந்தார். சிநேகிதியின் தாய் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். அது என்ன கேள்வி என்று அம்மா இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அந்த வசந்தகாலத்துப் போட்டிக்கு அப்பாவும் அக்காவும் விடிய பஸ்ஸில் கத்தானியாவுக்குப் போனார்கள். அம்மா வரவில்லை என்றுவிட்டார். நானும் அவரும் வீட்டில் இருந்தோம். அவர் சிஞ்ஞோராவின் மேசைவிரிப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். அக்கா சுடுவது உங்களுக்குப் பிடிக்காதா என்று கேட்டேன். பிடிக்கும் என்றார். பிறகு ஏன் பார்க்கப் போகவில்லை என்று கேட்டேன். அவர் அயன்பெட்டியை ஒரு மடிப்புக்கு மேலால் இழுத்தார்.

"அவள் கடதாசிக்குத்தானே சுடுறாள்" என்றார்.

அம்மா அக்காவைக் குறைத்துச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். ஐந்தையும் ஒரே இடத்தில் போட்டவருக்கு அக்காவின் சுடுதல் ஒரு பொருட்டாகத் தெரியாதுதான் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது.

பின்னேரம் அக்கா வந்தாள். பதினான்காவது இடம். படியேறி வந்தவளைக் கதவிலேயே மறித்து, அம்மா இப்படிச் சொன்னார் என்று ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். அக்கா கோபப்படப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனாள். அடுப்படியில் நின்ற அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அம்மா திரும்பவில்லை. கரண்டியை மட்டும் கீழே வைத்தார்.

தோற்றுவிட்டு வந்தவள் அக்கா. ஆறுதல் சொல்லவேண்டியதும் அவளுக்குத்தான். அவள் ஏன் அம்மாவைத் தேற்றிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.