சொன்னதை எழுதுகிறவள்

சலவைக் கடையில் துணி வாங்கி ரசீது போடும் அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. வைத்தவர் பொய் சொல்லவில்லை. சட்டையில் கறை என்று கொடுத்தால், அது எப்படி விழுந்தது, யார் தட்டிவிட்டார்கள் என்பதுவரை விசாரித்த பிறகுதான் துணி கூடைக்குள் போகும்.

அவளிடம் வாடிக்கையாக வருபவர்களில் பார்வையில்லாத ஒருத்தியும் உண்டு. ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் தற்காலிக வேலை. அன்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நாளைக்கு வேலை நிரந்தரமாகுற பரீட்சை. நான் சொல்லச் சொல்ல எழுதித் தர்றதா இருந்தவங்களுக்குக் காய்ச்சல். இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்."

"நான் பத்தாவதோட நின்னவளாச்சே, கண்ணு."

"அதான் வேணும். எழுதுறவங்க என்னைவிடக் கம்மியா படிச்சிருக்கணும்னு விதி."

"அப்பாடா! நான் படிக்காதது ஒருத்தருக்காவது பிரயோஜனப்பட்டுச்சே!"

பள்ளி வேன் ஓட்டும் ரேடியோவின் கணவன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மூணு மணி நேரம் நீ வாயைத் திறக்காம இருக்கணுமா? பாவம்டி அந்தப் பொண்ணு. வேற ஆளைப் பார்க்கச் சொல்லு."

பரீட்சை அறையில் இருவருக்கும் தனி மேசை போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "கேள்வியைப் படிங்க, அவங்க சொல்றதை எழுதுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா ரெண்டு பேரும் வெளியே."

ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கணக்குப் பகுதி வந்தது. அந்தப் பெண் மனத்திலேயே போட்டு, படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவே ஒரு பெருக்கல்.

"பன்னிரெண்டெட்டு எண்பத்தாறு."

பேனா நின்றது.

நித்தம் சட்டைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டுகிறவளுக்குத் தெரியாதா? தொண்ணூற்றாறு! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தப் பத்து குறைவதில் போய்விடுமோ! வாய் திறக்க வேண்டியதில்லை. எண்ணை மாற்றி எழுதினால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தப் பெண்ணும் பேச்சை நிறுத்தியிருந்தாள். தலை சற்றே சாய்ந்திருந்தது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "எழுதுங்க அக்கா. எண்பத்தாறு."

ரேடியோ எழுதினாள். கண்ணில் நீர் முட்டியதில் அடுத்த வரி வளைந்துபோயிற்று.

வெளியே வந்ததும் அணை உடைந்தது. "ஐயோ கண்ணு, அது தொண்ணூத்தாறு! கையைக் கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருந்தேனே!"

"தெரியும் அக்கா. பேனாச் சத்தம் நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மாத்தல? உனக்கென்ன பைத்தியமா?"

"மாத்தியிருந்தா அது உங்க விடை. நாளைக்கு ஆஸ்பத்திரியில அந்த நாற்காலியில நீங்களா வந்து உக்காரப்போறீங்க?"

உதவி என்றால் அள்ளிக் கொடுப்பது என்றுதான் ரேடியோ இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கையை மட்டும் கொடுத்துவிட்டுப் புத்தியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முடிவு வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலையில் அந்தப் பெண் கடைக்குள் வந்து, "கிடைச்சிடுச்சு அக்கா!" என்றாள். ரேடியோ அழுத அழுகையில் பக்கத்துக் கடைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தார்.

"இன்னொரு விஷயம். எங்க பார்வையற்றோர் சங்கத்துல ஒரு அண்ணனுக்கு அடுத்த மாசம் பரீட்சை. நீங்க வர்றீங்களா?"

"என்னையா கூப்பிடுற? நடுவுல பேனாவை நிறுத்தினவளையா?"

"நிறுத்தினீங்க, தப்புத்தான். ஆனா மாத்தி எழுதல. எழுதியிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன்."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் பயிற்சி ஆரம்பமாயிற்று. கணவன் வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டும். அவள் பேனாவை நிறுத்தாமல் எழுத வேண்டும்.

"மழை கீழேருந்து மேல பெய்யும்."

எழுதினாள்.

"மீன் மரத்துல கூடு கட்டும்."

அதையும் எழுதினாள். அவனுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏண்டி, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

அவள் தலை நிமிரவில்லை. அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.