சிவப்பு நூல் சுற்றிய குச்சி

பெல்ட் அழுத்திய தழும்பு என் வலது தோளில் இன்னும் இருக்கிறது. கதை விடத் தெரிந்தவளாக இருந்தால் இதைவிட நன்றாக விட்டிருப்பேன். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் கணவர் விமானம் ஓட்டுபவர். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய குட்டி விமானம். நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி நோயில் இறந்துபோனவள். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரெல்லாம் பறந்தவள். வீட்டில் அவளுடைய படம்கூட இல்லை. ஆனால் விமானக் கொட்டகையில் எல்லோர் வாயிலும் அவள்தான்.

அன்று மாலை முதன்முறையாக என்னை அழைத்துப் போவதாக இருந்தார்.

குட்டி விமானத்தில் பெட்ரோல் முள்ளை யாரும் நம்புவதில்லை. இறக்கைமேல் ஏறி, டேங்க் மூடியைத் திறந்து, கோடு போட்ட குச்சியை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அது அவள் செய்துவந்த வேலை.

"இன்னிக்கு நான் பார்க்கிறேங்க" என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். "பார்த்தும்மா. முன்னாடி இருந்தவங்க சொன்னா ஒரு சொட்டு தப்பாது. நீங்க வேற பிசிக்ஸ் படிச்சவங்களாமே?"

காது சுட்டது. அவரிடம் குச்சி கேட்க வாய் வரவில்லை. இருக்கைக்குப் பின்னால் துழாவினேன். ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

டேங்கில் விட்டு எடுத்தேன். முக்கால் கோடு வரை ஈரம்.

"முக்கால் இருக்குங்க."

"சரியா பார்த்தியா?" என் கணவர் இறக்கையை நோக்கி ஓரடி வைத்தார்.

"ஏன், நான் பார்த்தா ஆகாதா?" வெடுக்கென்று வந்துவிட்டது.

அவர் நின்றார். "தாயே, ஏறு" என்று கும்பிட்டார்.

மேலே போனதும் எல்லாம் மறந்தது. கீழே வயல்கள். பக்கத்தில் அவர். இந்த இருக்கை இனி என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஹெட்போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. அவருடையது என்று நினைத்தேன். அவர் பேசினார். அப்போதும் அது நிற்கவில்லை. என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

கேட்டது...

க்ளிக். என் பெல்ட் திறந்து மடியில் கிடந்தது. மாட்டினேன்.

என்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு காற்றின் சத்தம் மட்டும்.

"பெட்ரோல் இல்ல" என்றார்.

"முக்கால் இருந்துதுங்க..."

"இல்லடி!" வயலைப் பார்த்துத் திருப்பினார். "உன் பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வை. மோதினா அடைச்சுக்கும்."

திறந்தேன். காற்று இழுத்தது.

க்ளிக்.

மாட்டினேன்.

க்ளிக்...

காதுக்குள் ஒரு பெண் குரல். நிதானமாக.

"அது என் சீட்டு."

பெல்ட்டை மறுபடி மாட்டி, பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். என் விரல்கள்மேல் வேறு விரல்கள்... சில்லென்று... ஒவ்வொன்றாகப் பிரித்தன...

விடவில்லை.

தரை.

இடி. மண். இன்னொரு இடி.

நின்றது.

இருட்டுவதற்குள் மெக்கானிக் ஜீப்பில் வந்துவிட்டார். டேங்கை எட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"எதை விட்டும்மா பார்த்தீங்க? இந்த விமானத்தோட குச்சி என் பட்டறையிலதானே தொங்குது?"

"சீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சுண்ணா. சிவப்பு நூல் சுத்தினது."

தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. மெல்லத் திரும்பி என் கணவரைப் பார்த்தார்.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அது அவ குச்சி. சவப்பெட்டியை மூடறப்போ அவ கையில நான்தான் வெச்சேன்."

நான் அவரிடம் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெக்கானிக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"நூல் இன்னும் சிவப்பாவேவா இருந்துச்சு?"