ஒத்த மணியோட நிக்காத போன்

எய்யா சுப்பு, உன் மிஸ்டு கால் ஒத்த மணியோட நிக்கும். ராத்திரி வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டேன், நல்லாயிருக்கேன்னு அதுக்கு அர்த்தம். அன்னைக்குக் காலையில நான் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பும்போது அடிச்ச மணி நிக்கவேயில்ல. எடுக்கப் பயமா இருந்துச்சு. உன்கூட வேலை பாக்குற பையன், "அக்கா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?"ன்னு கேட்டான்.

என் தம்பி சுப்புராஜைத் தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். எங்களுக்கு நாகலாபுரம். அம்மையும் அய்யாவும் போன பொறவு நான் தீக்குச்சி அடுக்கப் போனேன், அவன் கம்ப்யூட்டர் படிச்சான். சென்னையில வேலை கிடைச்சுது. எங்கெங்கயோ இருக்கிற பேங்கு கம்ப்யூட்டரையெல்லாம் அங்கன இருந்தே கண்காணிக்கணும். திரையில பச்சைன்னா நல்லது. மஞ்சள்னா கவனிக்கணும். சிவப்புன்னா உடனே ஆளை எழுப்பணும்.

"ஏலே, சோளக்காட்டுல குருவி பாக்குத வேலைதானல, அதுக்கு எதுக்குக் கழுத்துல டை?"ன்னு எங்க சித்தப்பா கேலி பண்ணுவாரு. "குருவி இங்கிலீசுல கத்தும் சித்தப்பா"ம்பான்.

பொங்கலுக்கு வந்தப்போ, சாப்பிட்டு எந்திரிச்சவன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். வேர்த்துக் கொட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். கொஞ்ச நேரத்துல சிரிக்க ஆரம்பிச்சுட்டான்.

"ஒருவாட்டி வந்தா மஞ்சள்தான்க்கா. மூணுவாட்டி வந்தாத்தான் சிவப்பு. எல்லாத்துக்கும் ஆளை எழுப்புனா, நெசமா வாரன்னைக்கு எவன் எந்திரிப்பான்?"

பஸ் ஏறுற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். தினமும் மிஸ்டு கால் குடுக்கேன், போதுமான்னான். ஒருநாள் தவறல. ஆனா வலி வந்துச்சா இல்லையான்னு ஒத்த மணி எப்படிச் சொல்லும்?

அவனைக் கொண்டாந்தன்னைக்கு நல்ல மழை. கரிசல் சேத்துல வண்டி இறங்கல. சித்தப்பாவும் அவன் கூட்டாளிகளும் தோள்ல சுமந்துக்கிட்டு வந்தாங்க. செருப்புல சேறு அப்பி, அந்தப் பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் காலெடுத்து வைக்க முடியல. வேலையில இருக்கும்போதே சாஞ்சுட்டானாம். "அவன் முன்னால இருந்த திரை பூராம் பச்சையாத்தான் இருந்துச்சுக்கா"ன்னு ஒருத்தன் அழுதான்.

போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைக்கேன். விடிஞ்சா அது பக்கத்துல போய் உக்காந்துக்கிடுதேன்.

போயிட்டு வாய்யா. பொங்கலுக்கு வந்த வலி ஒண்ணு, அது என் கண்ணால பாத்தது. அன்னைக்கு வந்தது ரெண்டாவதா, மூணாவதாய்யா?