மத்தாப்புக்காரி பேசுகிறாள்

"இருடி, ஒனக்கு இன்னும் ஜாக்கெட்டுக்குக் கலர் ஊத்தல. அதுக்குள்ள என்ன சிரிப்பு?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்து அதட்டிக்கொண்டிருப்பார் வீரலட்சுமி. மவுஸைத் தொடும் முன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையில் துடைப்பார். அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடிக்கு மருந்து செலுத்திய காலத்தில் விரலில் அப்பிய வெள்ளிப் பொடி லேசில் போகாது. அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம். இடது கை முந்தானைக்குள்ளேயே கிடக்கும். அங்கே ஒரு நாள் மருந்து பற்றிக்கொண்டதில் வெந்த கை. கூட வேலை பார்க்கிற எங்களுக்கே அதைக் காட்டியதில்லை.

அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் படித்தார். இப்போது சிவகாசியில் எங்கள் லேபிள் ஆபீசில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடுகிறார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஊறப்போட்டு அவித்த மொச்சைப் பயறு ஒரு டப்பாவில் எப்போதும் பக்கத்தில் இருக்கும். லேபிளில் சிங்கம் வந்தால், "வாயை மூடுலே, ஈ போயிரும்" என்பார். வேலை முடிந்தால், "அம்புட்டுதான், எறங்கிக்கோ" என்று படத்தை மெஷினுக்கு அனுப்பிவைப்பார்.

அச்சு மெஷினில் நிற்கிறவன் நான். அஞ்சாப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரு கலர் மேல் இன்னொரு கலர் விலகாமல் உட்காருகிறதா என்று பார்ப்பேன். படத்தில் இருக்கிறவர்கள் நமக்கு யார்?

அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்தம்மா அந்தக் கதையைச் செய்கிற வரைக்கும்.

தீபாவளி சீசன் முடிந்து ஆபீஸ் கொட்டாவி விடுகிற மாதங்கள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே செய்தார். பக்கத்துக்கு ஒரு படம், அடியில் நாலு வரிப் பேச்சு, அதற்கும் அடியில் இரண்டு கட்டம். எந்தக் கட்டத்தை அமுக்குகிறோமோ அந்தப் பக்கம் கதை போகும். முதல் பக்கத்தில் எச்சரிக்கை: "கல்யாணம் ஆனவுக மட்டும் அமுக்கவும். ஆகாதவுக எந்திரிச்சுப் போயிரவும். போக மாட்டீக, தெரியும்."

புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. ஒரே அறை வீடு. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன், விருந்துக்கு வந்து திரும்பிப் போகாத சித்தப்பா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

ஆட்களைப் புதுசாக வரையவில்லை. மத்தாப்புப் பெட்டியில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பாளே, அவள்தான் பெண்டாட்டி. மத்தாப்பை அழித்துவிட்டுப் பால் டம்ளரைச் செருகியிருந்தார். புருசன், வெடிப் பெட்டியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிற ஆள். மாமியார், ஊறுகாய் லேபிளில் இருக்கிற கிழவி.

மத்தாப்புக்காரி நம்மைப் பார்த்தே பேசினாள். "என்ன பாக்கீக, கை ஏன் எறங்கலன்னா? நான் பெட்டிப் பொம்பளை. வேற கை வரைய அக்காவுக்கு நேரமில்ல. இந்த மனுசங்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை சொல்லலாம்னா, காதைப் பொத்திக்கிட்டே பொறந்திருக்காரு."

"விளக்கை அணை" என்ற கட்டத்தை அமுக்கினால் மாமியார் எழுந்து வருவாள். "யாரு தாயி, கரண்டு பில்லை மிச்சம் பிடிக்கது? நல்ல புள்ள!" என்று பாராட்டி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். எதையும் அமுக்காமல் இருந்தால் மத்தாப்புக்காரி தானாகவே கேட்பாள்: "ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்ல? பெறகு என்ன யோசனை?" கடைசியில் மற்றவர்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போவார்கள். கதவு சாத்திக்கொள்ளும். திரை கறுப்பாகிவிடும். "கரண்டு போயிருச்சு. இதுக்கு மேல தெரியணும்னா அவுகவுக வீட்டுக்குப் போங்க."

ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துபோகும். பெட்டி ஒட்டுகிற பேச்சியம்மாள் சிரித்துச் சிரித்து வெற்றிலையைத் துப்பக் கூட முடியாமல் திண்டாடினார்.

"அடியே, எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்து பாத்த?"

"எல்லாம் ஒரே வீடுதான் மதினி. பத்துக்குப் பத்து."

பயல்கள் செல்போனில் சில படங்கள் வைத்திருப்பார்கள். ஒளிந்துகொண்டு பார்ப்பார்கள்; பார்த்தவன் பக்கத்து ஆள் மூஞ்சியை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். இதை ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஒன்றாக நின்று பார்த்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத்தான் சிரித்தோம். அந்த மத்தாப்புக்காரியை வருசக்கணக்காக லட்சம் லட்சமாக அடித்துத் தள்ளியவன் நான். ஒரு நாள் அவள் வாயைத் திறந்து, நான் வெறும் பொம்மை என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். மறுநாள் மெஷினிலிருந்து அவள் வரிசையாக வந்து விழுந்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கலர் பார்க்கவே கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

முதலாளி தனுஷ்கோடிக்கு இது தெரியாது. கம்ப்யூட்டரில் அவராக எதையும் திறக்க மாட்டார். பின்னால் நின்று "எடும்மா, காட்டும்மா" என்பதோடு சரி. அந்தத் தைரியத்தில் வீரலட்சுமி கதையை மத்தாப்பு லேபிளின் பெயரிலேயே ஒளித்துவைத்திருந்தார்.

அந்த மத்தாப்பு செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் சரக்கு. எங்களுக்குப் பெரிய ஆர்டர் அவருடையதுதான். நெற்றி நிறையத் திருநீறு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. போன வருசம் சித்திரையில், புது லேபிளைப் பார்க்க வந்தார். ஊரெல்லாம் கரண்டு கட் ஆகிற காலம். இரண்டு மணிக்குப் போய்விடும். வீரலட்சுமி குழாயடியில் தூக்குவாளி கழுவிக்கொண்டிருந்தார். அவசரத்தில் முதலாளியே பெயரைப் பார்த்துத் திறந்துவிட்டார்.

"ஏம்ப்பா, மத்தாப்பு எங்கன? பால் டம்ளரை வச்சிருக்கா?" என்றார் அண்ணாச்சி.

வீரலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டார். தூக்குவாளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்த நாற்காலி போனால் அந்தம்மாவுக்கு மறுபடி வெடிமருந்து அறைதான். வேறு கதி இல்லை. நான் மெஷினை நிறுத்தினேன்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை வாங்கி அமுக்கினார். மாமியார் வந்து உட்கார்ந்தாள். இன்னொன்றை அமுக்கினார். சித்தப்பா இருமினார். அண்ணாச்சி முகத்தில் ஒரு அசைவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். திரையில் அந்த வரி தானாக வந்தது: "ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்ல? பெறகு என்ன யோசனை?"

"யாரு செஞ்சது இது?"

பேச்சியம்மாள் தரையைப் பார்த்தார். முதலாளி ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போது, வீரலட்சுமி முந்தானைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து உயரத் தூக்கினார். கை அப்படியே நின்றது. இரண்டு விரல்கள் ஒட்டி, தோல் சுருங்கிய கை.

அண்ணாச்சி அந்தம்மாவைப் பார்த்தார், திரையில் இருந்தவளைப் பார்த்தார். இங்கேயும் தூக்கிய கை, அங்கேயும் தூக்கிய கை. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி கிரீச்சிடச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போதும், கைய எறக்கு தாயி, மத்தாப்பு சுட்டுறப் போகுது" என்றார்.

"அது சுட்டு ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி," என்றார் வீரலட்சுமி.

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கினார். வீரலட்சுமி வந்து உட்கார்ந்து, வலது கை விரல்களைத் துடைத்து, உண்மையான லேபிளைத் திறந்துகாட்டினார். அதுவரைக்கும் அந்த இடது கையை இறக்கவே இல்லை.