கெபிக்குள் வெள்ளம்

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க அப்பாவுக்குக் குரல் இல்லை. பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலை மலையில், விடிகாலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கங்காணி அவர். தொண்டைதான் உத்தியோகம். அது போனால் வேலை போகும், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு போகும். எல்லா நோய்க்கும் டிஸ்பென்சரியில் ஊற்றித் தரும் சிவப்பு மருந்தைக் குடித்துப் பார்த்தார். நாக்கு சிவந்தது.

கடைசியில் அம்மா ஒரு புனிதரைப் பிடித்தாள். அப்பா பிறந்த கடற்கரையில் ஒரு கெபி, பாறைக்குகை. இயேசுவின் காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற அந்தச் சீடர் அதில் ஒளிந்திருந்தாராம்; தாகத்துக்குப் பாறையைத் தட்டினாராம்; ஊற்று வந்ததாம். சந்தேகப் பிராணியிடம் நம்பிக்கையைச் சுமந்துகொண்டு போனோம்.

பனியிலிருந்து இறங்கி, பஸ் மாறி மாறி, உப்புக்காற்றில் போய் விழுந்தோம். எங்கள் மலைகளை யாரோ கட்டவிழ்த்து விட்டாற்போல் கடல், நிற்கமாட்டாமல் புரண்டது. சீடரின் பாதச்சுவடு என்று பாறையில் ஒரு பள்ளத்தைக் காட்டினார்கள். அதில் ஒரு ஆடு படுத்திருந்தது. இடம் மிச்சமிருந்தது. அந்தக் காலுக்கு எந்தச் சந்தையிலும் செருப்பு கிடைத்திருக்காது. சிரித்த என்னை அம்மா கிள்ளினாள்.

கெபி வாசலில் நீள வரிசை. ஊற்று வற்றிப் போச்சு என்று மணியடிக்கும் கோயில்பிள்ளை சொன்னதும் அம்மாவின் முகம் செத்தது. ஆனாலும் முறை வந்தபோது பாட்டிலோடு குனிந்து, ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய அந்த இருட்டுக்குள் நெளிந்து மறைந்தாள். நானும் அப்பாவும் வெளியே நின்றோம்.

உள்ளேயிருந்து அவள் குரல் எதிரொலித்து வந்தது.

"வெள்ளம் வருது. எல்லாரும் வாங்க, வெள்ளம் வருது."

பக்கத்து ஊரான சித்திரபுரத்து மலையாளிகளோடு பழகிப் பழகி, அம்மாவின் வாயில் தண்ணீர் வெள்ளமாகிப் பல வருஷம். கடற்கரைக்காரர்களுக்கோ வெள்ளம் என்றால் வெள்ளம்தான். கடல் பாறையைத் துளைத்துவிட்டது என்று வரிசை சிதறியது. முதலில் ஓடியவர் கோயில்பிள்ளை. எங்கள் முன்னால் ஒரு கர்ப்பிணி தடுக்கி விழுந்தாள். பின்னால் கூட்டம் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா கையை விரித்துக் குறுக்கே நின்றார். வாயைத் திறந்தார். தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் ஒரு சத்தம் வந்தது.

"நில்லுங்கய்யா. குடிக்கிற தண்ணியத்தான் அவ அப்படிச் சொல்லுதா. மலைக்காரி."

கூட்டம் நின்றது. அப்பாவும் தன் குரலைக் கேட்டு நின்றார்.

முட்டியெல்லாம் சேறாக, அரைப் பாட்டில் தண்ணீரோடு அம்மா ஊர்ந்து வெளியே வந்தாள். புனிதர் செய்துவிட்டார் என்று அழுதாள்.

"நான் இன்னும் ஒரு சொட்டுகூடக் குடிக்கலையேட்டி."

"பேசாம குடிங்க."

அப்பா பேசாமல் குடித்தார்.

அதே தகரக் குரலோடு மறுவாரம் பெரட்டில் நின்றார். வீடு எங்களிடமே தங்கியது. எல்லாம் அந்தச் சீடரின் வேலை என்கிறாள் அம்மா, இன்றைக்கும். நான் சந்தேகப்படுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.